பாண் வேறு, தக்காளி வேறு

போன வருடம் ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, புருஷெட்டா என்கிற இத்தாலியச் சாப்பாட்டைச் செய்கிறேன் என்று, பின்னேரம் நாலு மணிக்கே நாற்பது துண்டு பாணைச் சுட்டு, ஒவ்வொன்றின் மேலும் தக்காளியை அள்ளி வைத்து, இரண்டு பெரிய தட்டில் வட்டமாக அடுக்கி, மேலே ஒரு துணியையும் போட்டு மூடிவிட்டு முகம் கழுவப் போனேன். இவருடைய கூட்டாளிமார் நாலு குடும்பம் ஏழரைக்கு வருவதாகச் சொன்னார்கள், எட்டேகாலுக்கு வந்தார்கள், அது நம் ஊர் வழமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை துணிக்குக் கீழே இருந்தது. ஓரம் இறப்பர் மாதிரி இழுபட, நடுப்பகுதி ஊறிக் கஞ்சியாகி, தூக்கினால் பாண் முறியவில்லை, மடிந்தது. முதல் துண்டை எடுத்தவர் வெள்ளைச் சேட் போட்டிருந்தார்.

மாமி மட்டும் ஆறு துண்டு சாப்பிட்டார். “பல்லுக்கு நல்ல பதமா இருக்குது பிள்ளை” என்றார். அவருக்குக் கட்டுப்பல்.

இரவு எல்லாரும் போன பிறகு பலெர்மோவில் இருக்கும் மச்சாளுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தேன். இங்கே பதினொரு மணி என்றால் அங்கே ஏழரை, அவர் வேலை முடிந்து வரும் நேரம். இவருடைய மூத்த அக்கா அவர். சிசிலித் தீவின் பலெர்மோவில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சைவக்காரர்கூட அங்கே மலையேறிப் போய் கத்தோலிக்கப் புனிதை சாந்தா ரோசாலியாவைக் கும்பிட்டு வருகிறார்கள், அது ஒரு தனிக் கதை. மச்சாள் அங்கே இருபது வருடத்துக்கு மேலாக வீடுகளில் சமையல் வேலை செய்பவர். நான் படத்தை அனுப்பி, “மச்சாள், என்ர புருஷெட்டா இப்பிடிப் போச்சுது” என்றதும் அவர் முதலில் திருத்தியது சமையலை இல்லை, உச்சரிப்பை. “புருஷெட்டா இல்லை, புருஸ்கெத்தா. அதுக்குள்ள ஷவும் இல்லை, டாவும் இல்லை.” பிறகு எத்தனை மணிக்குச் சேர்த்து வைத்தேன் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “தோசையைச் சாம்பாருக்குள்ள போட்டு வச்சிட்டோ நீர் ஆக்களைச் சாப்பிடக் கூப்பிடுறனீர்?”

அந்த ஒரு கேள்வியில் முழுப் பாடமும் இருந்தது. இருந்தாலும் அதற்குப் பிறகு இந்த ஒரு வருடத்தில் நான் இதைக் குறைந்தது முப்பது தடவையாவது செய்து, கெடுத்து, திருத்தியிருக்கிறேன். கேட்ட ஆட்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் இதை முதன்முதல் சாப்பிட்டது எங்கள் திருமலையில், அதாவது திருகோணமலையில், உப்புவெளிக் கடற்கரையில், சீசன் நேரம் வெள்ளைக்காரருக்கென்று கரும்பலகையில் சோக்கால் எழுதி வைத்திருக்கும் ஒரு சாப்பாட்டுக்கடையில். அங்கே தந்தது அச்சுப்பாணை மின்சார ரோஸ்டரில் போட்டெடுத்து, பிரிட்ஜில் இருந்து அப்படியே எடுத்த குளிர்ந்த தக்காளியைக் கொட்டிய ஒன்று. அதனால் பல நாள் நான் புருஸ்கெத்தா என்றால் அந்தத் தக்காளிக் கலவைக்குப் பெயர் என்றே நினைத்திருந்தேன். இல்லையாம். பெயர் பாணுக்கு. புருஸ்காரே என்றால் உரோமாபுரிப் பக்கத்துப் பேச்சில் கரி நெருப்பில் வாட்டுவது. வாட்டின பாணில் ஒரு பல் உள்ளியை, அதாவது பூண்டை, தேய்த்து, ஒலிவ் எண்ணெய் ஊற்றி, உப்புத் தூவினால் அதுவே புருஸ்கெத்தா, அதோடு முடிந்தது. தஸ்கனியில் இதையே பெத்துந்தா என்கிறார்கள், எண்ணெய் பூசிய துண்டு என்று அர்த்தம். ஒக்டோபர், நவம்பரில் ஒலிவ் அறுவடை முடிந்து செக்கில் இருந்து புது எண்ணெய் வரும்போது அதன் ருசியைப் பார்க்க இப்படிப் பாணில் ஊற்றித் தின்பது அங்கே வழக்கம். தக்காளி பிறகு வந்து ஏறிக்கொண்டது. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர், ஐரோப்பாவுக்குப் போனதே 16ஆம் நூற்றாண்டில்தான். நம் மிளகாயும் அதே பக்கத்தில் இருந்து போர்த்துக்கேயரோடு கப்பல் ஏறி வந்ததுதான், ஆனால் செத்தல் மிளகாய் இல்லாத ஒரு சமையலை மாமியிடம் சொல்லிப் பாருங்கள்.

போர்த்துக்கேயர் என்றதும் ஞாபகம் வருகிறது. கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டியவர்கள் என்று அவர்கள்மேல் திருமலைக்காரருக்கு இன்றைக்கும் கோபம் உண்டு, அந்தக் கோட்டைக்குள்தான் இப்போது மான்கள் படுத்திருக்கின்றன. ஆனால் பாண் என்ற சொல்லை நமக்குத் தந்ததும் அவர்கள்தான், பாண் சுடுகிற போறணை என்ற சொல்லும் அவர்களுடையதே. தமிழ்நாட்டுத் தோழி ஒருத்தி நான் பாண் என்றால் வெற்றிலை பீடா என்று நினைத்துக்கொள்கிறாள். அவளுக்காக மட்டும் ஒரு தடவை சொல்கிறேன், பாண் என்றால் ரொட்டி, பிரெட். இனிச் சொல்ல மாட்டேன்.

சரி, எந்தப் பாண்? அச்சுப்பாண் வேண்டாம். அது மெத்தென்று இருக்கும், சீனியும் கொஞ்சம் சேர்ந்திருப்பதால் வெளியே சீக்கிரம் கறுத்துவிடும், உள்ளே ஈரம் போகாது. சாதாரண இறாத்தல் பாண் பரவாயில்லை. எனக்குப் பிடித்தது றோஸ் பாண். தட்டையாக, மேலும் கீழும் மொறுமொறுவென்று தோல் இருக்குமே, அதை விரல் தடிப்பில் குறுக்காக வெட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் தோல் வரும், அந்தத் தோல் கரைபோல நின்று நடுப்பகுதியைத் தாங்கும். விறகுப் போறணையில் சுட்டதென்றால் இன்னும் நல்லது. அன்றைக்குச் சுட்ட சூடான பாண் இதற்கு உதவாது, வெட்டும்போதே நசியும். முதல் நாள் பின்னேரம் வாங்கி, கடதாசியில் சுற்றி மேசையில் விட்டுவிட்டு அடுத்த நாள் வெட்டுங்கள். காலையில் பீத்தோவனின் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிற பாண் ஓட்டோவிலும் வாங்கலாம், என்ன, அந்தப் பாட்டுக் கேட்டதும் காசைத் தேடிக்கொண்டு கேற்றடிக்குப் போவதற்குள் அவன் அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பியிருப்பான்.

வாட்டுவது. போறணை உள்ளவர்கள் 200 பாகையில் எட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், நடுவில் ஒரு தடவை திருப்புங்கள். தோசைக்கல்லில் என்றால் எண்ணெய் இல்லாமல், சிறு தீயில், பொறுமையாக. ஆனால் உண்மையான ருசி சிரட்டைக்கரியில்தான் இருக்கிறது. பின்வளவில் மீன் வாட்டும் கம்பித்தட்டு ஒன்று எங்களிடம் இருக்கிறது, சிரட்டையை எரித்து, சுவாலை அடங்கிச் சாம்பல் பூத்த பிறகு கம்பியை வைத்து, பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். அங்கங்கே கறுப்புக் கோடு விழ வேண்டும். இதிலே ஒரு சிக்கல் காற்று. மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரைக்கும் அடிக்கிற கச்சான் காற்றில் பின்னேரம் கரி மூட்டினால் சாம்பல் முழுக்கப் பாணில்தான். நான் வேலிப்பக்கம் பழைய தகரம் ஒன்றைச் சாத்தி வைத்துக்கொண்டுதான் மூட்டுவேன்.

வாட்டியதும் சூடாக இருக்கும்போதே உள்ளியைத் தேய்க்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். அது உடனே சாப்பிடுவதற்கு. பாணின் சொரசொரப்பு உள்ளியை அரத்தில் உராய்கிற மாதிரி உராய்ந்து எடுக்கும், சூட்டில் அதன் காரம் தணியும், அருமையாக இருக்கும். வைத்திருந்து சாப்பிடப் போகிறீர்கள் என்றால் தேய்க்க வேண்டாம், எண்ணெயும் பூச வேண்டாம். வெறும் பாணாகவே விடுங்கள். வைத்து எடுக்கும்போது எண்ணெய் சிக்கு மணம் பிடிக்கும், உள்ளி ஈரம் விடும்.

இனி வைத்திருப்பது. நம் ஊரில் இதைச் சொல்லாமல் சமையல் குறிப்பு எழுதுவது வீண் வேலை. மூன்று பக்கம் கடல். உப்புச்சாடியில் அரிசி போடாவிட்டால் உப்பே கட்டியாகிவிடுகிறது, மிக்சரை வெளியே வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் தோற்றுப்போகிறது, அப்படிப்பட்ட ஊரில் வாட்டின பாண் எப்படி மொறுமொறுப்பாக இருக்கும்? இதற்கு நான் கண்டுபிடித்தது சுளகு. வாட்டின துண்டுகளைத் தட்டில் அடுக்கினால் அடியில் ஆவி வேர்த்து ஊறும். சுளகில், ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பினால் கீழேயும் காற்றுப் போகும். கையில் எடுத்துப் பார்த்தால் சூடு துளியும் இருக்கக்கூடாது, அரை மணித்தியாலம் பிடிக்கும். அதற்குப் பிறகு இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் ரின்னுக்குள், அடியில் ஒரு கடதாசி போட்டு அடுக்குங்கள். இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் நிற்கும். ஐரோப்பாவில் ஒரு கிழமை என்பார்கள், இங்கே அந்தக் கணக்குச் சரிவராது, அதுவும் வாடைக்காற்றுத் தொடங்கிய பிறகு, ஒக்டோபர் நவம்பர் மழைக்குள் இரண்டாம் நாளே தளர்ந்துவிடும். தளர்ந்தால் கவலை இல்லை, சாப்பிடுவதற்கு முன் தோசைக்கல்லில் இரண்டு மூன்று நிமிடம் போட்டால் திரும்ப வரும். பூசணம் ஒரு புள்ளி கண்டாலும் அந்தத் துண்டை மட்டும் கிள்ளி எறியாமல் பக்கத்தில் இருந்ததையும் சேர்த்து எறியுங்கள்.

பாணைப் பிரிட்ஜில் வைக்க வேண்டாம். நானும் வைத்தவள்தான், பாண் என்ன, சாவியைத் தவிர எல்லாவற்றையும் பிரிட்ஜில் வைக்கிற வீடு எங்கள் வீடு. ஆனால் பாணில் உள்ள மாப்பொருள் குளிரில் திரும்ப இறுகிப் படிகமாவதால்தான் பாண் காய்ந்த மாதிரி ஆகிறது, அது பிரிட்ஜ் குளிரில்தான் வெளியே இருப்பதைவிட வேகமாக நடக்கும். உறைபெட்டிக்குள் அப்படி இல்லை, அங்கே அது நின்றுபோகும். அதனால் மிஞ்சின பாணைத் துண்டாக வெட்டி, பையில் காற்றில்லாமல் கட்டி, மேலே உறைபெட்டியில் போட்டுவிடுவேன். வேண்டிய நேரம் எடுத்து, கரைய விடாமல், நேரே கல்லில். ஒரு மாதம் வரைக்கும் குறையே தெரியாது.

தக்காளிக்கு வருவோம், எனக்கு நாற்பது துண்டும் போனது இதனால்தான். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். அதை வெட்டி உப்புப் போட்டால் உப்பு அந்தத் தண்ணீரை வெளியே இழுக்கும். நான் அன்றைக்கு வெட்டினேன், உப்புப் போட்டேன், அப்படியே பாணில் வைத்தேன். அதாவது பாணின் தலையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நாலு மணித்தியாலம் காத்திருந்தேன். மச்சாள் சொல்லித் தந்தது இதுதான்: பாணுக்குப் போவதற்கு முன்பே அந்தத் தண்ணீரை வெளியே எடுத்துவிட வேண்டும். அரைக் கிலோ பழுத்த, ஆனால் கையில் இறுக்கமாக நிற்கிற தக்காளியை நாலாகப் பிளந்து, விதைப் பகுதியை ஒரு கிண்ணத்தில் வழித்து, சதையைச் சுண்டுவிரல் நகம் அளவு வெட்டுங்கள். அரைத் தேக்கரண்டி உப்பு. வடியில் போட்டு, கீழே விதைக் கிண்ணத்தை வைத்து இருபது நிமிடம். கால் கப்புக்கு மேலே தண்ணீர் இறங்கும். பார்த்தால் அன்றைக்கு எது பாணுக்குள் போனதென்று விளங்கும்.

அந்தத் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். தக்காளி ருசியின் பெரிய பங்கு விதையைச் சுற்றி இருக்கிற அந்த வழுவழுப்பில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது அன்றைய இரசத்துக்குப் போகும். இவர் சில நாள் மிளகுத்தூள் போட்டு அப்படியே குடித்துவிடுகிறார், பிறகு இரசத்தில் ருசி இல்லை என்கிறார்.

சந்தையில் தக்காளி பெரும்பாலும் தம்புள்ளையில் இருந்து லொறியில் வருவது, வருகிற வழியிலேயே பாதி அடிபட்டிருக்கும். காயாக வாங்கி வீட்டில் காம்பு கீழாக வைத்துப் பழுக்க விடுகிறேன். பிரிட்ஜுக்குள் வைத்துப் பழுக்காது, 12 பாகைக்குக் கீழே போனால் தக்காளியின் வாசனை படுத்துவிடும். நன்றாகப் பழுத்துவிட்டது, இன்றைக்குச் சமைக்க முடியாது என்றால் மட்டும் ஒன்றிரண்டு நாள் பிரிட்ஜில் வைத்து, வெளியே எடுத்து, குளிர் போன பிறகு வெட்டுங்கள். மழைக்காலத் தக்காளி விலையும் கூட, தண்ணீரும் கூட. அந்த மாதங்களில் நான் இதைச் செய்வதே இல்லை.

வடிந்த தக்காளிக்கு ஒரு பல் உள்ளியைத் துருவிப் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய், அரைத் தேக்கரண்டி வினாகிரி அல்லது நாலு சொட்டுத் தேசிப்புளி. வெங்காயம் போட வேண்டாம் என்று மச்சாள் ஒற்றைக்காலில் நிற்கிறார். நான் ஒரு சின்ன வெங்காயம் பொடியாக வெட்டிப் போடுகிறேன், பலெர்மோவில் இருந்து பார்க்கவா போகிறார். உப்பை மட்டும் கவனியுங்கள். தஸ்கனிக்காரர் பாணில் உப்பே போடுவதில்லையாம், அதனால் மேலே தாராளமாகப் போடுகிறார்கள். நம் பாணில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது.

இலை. பேசில் என்று கேட்டால் இங்கே சுப்பர் மார்க்கெட்டில் கொழும்பில் இருந்து வாடி வருகிற ஒரு சின்னக் கட்டுக்குச் சொத்தெழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் அது நம் திருநீற்றுப்பச்சைதான். பலூடாவில் போடுகிற கறுப்புக் கசகசா இருக்கிறதே, அதுவும் அந்தச் செடியின் விதை. நம் ஊரில் முளைக்கிற வகை அவர்களுடையதைவிடக் காரமும் வாசனையும் கூட, பாதி அளவு போதும். நான் முதலில் துளசியைப் பறிக்கப் போனேன். அதுவும் அதே குடும்பம்தானே என்று நினைத்தேன், மாமி பார்த்துவிட்டார். “அது சாமிக்கு, உன்ர பாணுக்கில்லை.” பிறகு அவரே வேலியோரம் நின்ற திருநீற்றுப்பச்சையைக் காட்டினார். இந்த இலையும் பிரிட்ஜுக்கு ஆகாது, குளிர் பட்டால் கறுத்துவிடும். பூக்கொத்து வைப்பது மாதிரி ஒரு கிளாஸில் தண்ணீர் ஊற்றி யன்னலோரம் நிறுத்துங்கள், நாலைந்து நாள் நிற்கும், சில வேளை வேரும் விடும். சாப்பிடுகிற நேரம்தான் கையால் கிழித்துப் போட வேண்டும். கலவையில் முன்பே போட்டு வைத்தால் காலையில் பார்க்கச் செத்த தேயிலை மாதிரி இருக்கும்.

கலவையைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு பிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். மூன்றாம் நாள் தின்னலாம், ஆனால் அது தக்காளிச் சம்பல். எண்ணெய் குளிரில் வெள்ளையாக உறைந்து பயம் காட்டும், கெடவில்லை, வெளியே இருபது நிமிடம் வைத்தால் தெளியும். எடுத்ததும் திரும்பவும் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கும், கரண்டியால் அள்ளும்போது சரித்து வடித்து அள்ளுங்கள். வெளியே வைக்கிற கணக்கு இரண்டு மணித்தியாலம் என்பார்கள், 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணித்தியாலம். ஓகஸ்ட் மாதத் திருமலையில் எது பொருந்தும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது பிரிட்ஜ் என்பது ஒரு அலுமாரி. அந்தக் காலத்தில் இருந்து நான் வெட்டி வைக்கும் எதையும் அதிகமாக வெட்டுவதில்லை. கரண்ட் போய் நாலு மணித்தியாலத்துக்கு மேலானால் வெட்டின தக்காளியை யோசிக்காமல் கொட்டிவிடுவேன்.

இதில் ஒன்றை மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். உள்ளி ஊறிய எண்ணெய். வேலை மிச்சம் என்று உள்ளியைத் தட்டிப் போட்டு எண்ணெய் ஊற்றி, போத்தலை அடுப்பு மேல் தட்டில் மாதக்கணக்கில் வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன், ஒரு சொந்தக்காரர் வீட்டில் கண்டு, எடுத்துக் கொட்டி, அதனால் மூன்று மாதம் கதை பேச்சில்லாமலும் இருந்தோம். உள்ளி மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இருக்கும் குளொஸ்ரீடியம் பொட்டுலினம் என்ற பக்டீரியாவின் வித்து அதில் ஒட்டியிருக்கலாம். அதற்குக் காற்று ஆகாது, புளிப்பும் ஆகாது. எண்ணெய்க்குள் காற்று இல்லை, உள்ளியில் போதிய புளிப்பும் இல்லை, அறையில் சூடும் இருக்கிறது, வளர்வதற்கு வேறென்ன வேண்டும். அது விடுகிற நஞ்சு நரம்பைத் தாக்கும், ஆளைக் கொல்லவும் கூடும், மணத்திலோ நிறத்திலோ ஒரு அடையாளமும் காட்டாது. நம் ஊறுகாய் தப்புவது அதில் உள்ள உப்பாலும் தேசிப்புளியாலும். அதனால் உள்ளி எண்ணெய் வேண்டுமென்றால் அன்றைக்கன்றைக்குச் செய்யுங்கள், மிஞ்சினால் உடனே பிரிட்ஜ், நாலு நாளுக்கு மேல் வேண்டாம்.

வெறும் ஒலிவ் எண்ணெய் அப்படியில்லை, வெளியேதான் இருக்க வேண்டும், ஆனால் வெளிச்சமும் அடுப்புச் சூடும் படாமல். விலையைப் பார்த்து மயங்கிப் பெரிய ரின்னாக வாங்காதீர்கள், திறந்த பிறகு நம் வெக்கையில் சீக்கிரம் சிக்கு மணம் வரும். சின்னக் கறுப்புப் போத்தல் போதும். நல்லெண்ணெயில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். செய்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது இட்லிப்பொடியைத் தேடுகிற ருசி.

இனி ஆட்கள் வரும்போது என்ன செய்வது? நான் இப்போது சேர்த்து வைப்பதே இல்லை. நடுவில் தக்காளிக் கிண்ணம், பக்கத்தில் சுளகில் பாண், ஒரு சின்னத் தட்டில் தோலுரித்த உள்ளிப் பற்கள், எண்ணெய்ப் போத்தல். ஆளாளுக்குத் தேய்த்து, ஊற்றி, அள்ளி வைத்துக்கொள்ளட்டும். முதலில் கூச்சப்படுவார்கள். ஐந்து நிமிடத்தில் யார் அதிகமாக உள்ளி தேய்த்தது என்று சண்டை தொடங்கும். அடுக்கித்தான் கொடுக்க வேண்டும் என்றால், பாணில் முதலில் எண்ணெயைப் பூசுங்கள், அது கொஞ்ச நேரத்துக்கு ஈரத்தைத் தடுக்கும், அதன்மேல் வடித்த தக்காளி, கொண்டுபோய் வைப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு முன். அதற்குமேல் ஒரு நிமிடம் வேண்டாம்.

எண்ணெயைவிட நல்ல தடுப்பு ஒன்று எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. மூதூர்ப் பக்கத்தில் இருந்து வருகிற எருமைத்தயிர்ச் சட்டி ஒன்று மிஞ்சிக் கிடந்தது, அதைத் துணியில் கட்டி நாலைந்து மணித்தியாலம் பிரிட்ஜுக்குள்ளேயே வடியவிட்டேன், வெண்ணெய் மாதிரிக் கட்டியாக வந்தது. அதைப் பாணில் பூசி மேலே தக்காளி வைத்தால் அரை மணித்தியாலம்கூடத் தாக்குப்பிடிக்கிறது. ருசியும் அப்படி. இத்தாலிக்காரர் கேட்டால் என்ன சொல்வார்களோ, மச்சாளிடம் இன்னும் சொல்லவில்லை. இறாலை உள்ளியும் மிளகும் போட்டு வதக்கியும் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள், ஆனால் அது சூடாகச் செய்து சூடாக முடிக்க வேண்டிய வேலை, வைத்திருக்கிற பேச்சே இல்லை. கட்டைச்சம்பலை வைத்து இவர் ஒரு நாள் தின்றார். தின்றுவிட்டு, “இதைத்தானே சின்ன வயசில இருந்து சாப்பிடுறம்” என்றார். உண்மைதான், பாணும் கட்டைச்சம்பலும். நாங்கள் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாற்பது துண்டில் மிஞ்சின இருபத்தெட்டும் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எறியப் போனேன், மச்சாள் விடவில்லை. தாச்சியில் எண்ணெய் விட்டு இரண்டு உள்ளியை வதக்கி, அந்த ஊறின பாணை அப்படியே தக்காளியோடு போட்டு, தண்ணீர் விட்டு, கரண்டியால் மசித்துக் கொதிக்க வைக்கச் சொன்னார். தஸ்கனியில் அது ஒரு பெயர் பெற்ற சாப்பாடு, பப்பா அல் பொமோதோரோ, பழைய பாணும் தக்காளியும் சேர்ந்த கூழ். ஊறிப்போவதையே ஒரு சமையலாக்கி வைத்திருக்கிறார்கள். ஒடியற்கூழ் குடித்து வளர்ந்த நமக்கு இது பெரிய அதிசயமில்லை, பச்சைமிளகாய் ஒன்றைக் கீறிப் போட்டேன். மாமி இரண்டு கோப்பை குடித்துவிட்டு, இனிமேல் நேரே இதையே செய், அந்தச் சுடுகிற வேலை எதற்கு என்றார்.

இப்போது மகள் பள்ளிக்கூடத்துக்கும் இதைக் கொண்டுபோகிறாள். ஒரு பெட்டியில் வாட்டின பாண், இன்னொரு சின்னப் பெட்டியில் தயிர், தயிர் இல்லாத நாட்களில் சீனிச்சம்பல். வெட்டின தக்காளியை வெக்கையில் அவள் பையில் விடுவதில்லை, இடைவேளை பத்தரைக்கு என்றாலும் விடுவதில்லை. அவளுடைய வகுப்பில் இதற்கு “பூட்டுப்பாண்” என்று பெயர் வைத்திருக்கிறார்களாம், ஒன்றை ஒன்றில் பூட்டித் தின்பதால். இரண்டு பெட்டி கொடுத்துவிட்டால் இரண்டும் திரும்பி வருகிறது. அந்தச் சின்னப் பெட்டியின் மூடியைத்தான் போன செவ்வாய்க்கிழமையில் இருந்து காணவில்லை.